அல்ஜீப்ராவுக்குச் சிபாரிசு வேண்டுமா?

(அமெரிக்கப் பள்ளிகளில் கணக்கு வகுப்பு பிரிக்கும் முறை பற்றி வந்த கேள்விகள். பெயர் போட வேண்டாம் என்று பெரும்பாலோர் கேட்டதால் ஊர் மட்டும்.)

கே: என் பையன் ஏழாம் வகுப்பு. "எட்டில் அல்ஜீப்ரா கிடைக்கவில்லை என்றால் எல்லாம் போச்சு" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அம்மாக்கள் அழுகிறார்கள். அப்படி என்ன இருக்கிறது அதில்? — பிளேனோ, டெக்சாஸ்

ப: படி ஐந்து, வருஷம் நாலு. அதுதான் சிக்கல். அல்ஜீப்ரா-1, ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா-2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று வரிசை. ஹைஸ்கூல் ஒன்பதில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிகிறது. முதல் படியை எட்டாம் வகுப்பிலேயே ஏறிய பிள்ளை பன்னிரண்டில் கால்குலஸைத் தொடும். ஒன்பதில் ஏறிய பிள்ளை பிரீகால்குலஸோடு நிற்கும். பொறியியல், கணினி என்று விண்ணப்பம் போடும்போது பெரிய கல்லூரிகள் கால்குலஸ் இருக்கிறதா என்று பார்க்கின்றன. எட்டாம் வகுப்பு இடத்துக்கு ஆறாம் வகுப்பிலேயே ஆள் பிரித்துவிடும் ஊர்கள் நிறைய. அதாவது, பதினேழு வயதில் எந்தக் கல்லூரி என்பது பதினோரு வயதில் பாதி முடிவாகிவிடுகிறது.

எல்லாம் போச்சு என்பது மிகை. கோடை வகுப்பில் ஒரு படியைத் தாண்டலாம். ஒரே வருஷத்தில் இரண்டு கணக்குப் பாடம் எடுக்கலாம். சமுதாயக் கல்லூரியில் சேர்ந்து படிக்கலாம். ஆனால் இப்படிக் குறுக்கு வழிகள் இருப்பது தெரிய வேண்டும், பணம் கட்ட வேண்டும், காரில் கொண்டுபோய் விட ஆள் வேண்டும். உங்கள் குழுவில் இருப்பவர்களுக்கு மூன்றும் உண்டு. அழ வேண்டியவர்கள் அந்தக் குழுவில் இல்லை.

கே: எந்தப் பிள்ளைக்கு எந்த வகுப்பு என்று யார்தான் முடிவு செய்கிறார்கள்? — சேலம்

ப: ஊருக்கு ஊர் வேறு. மார்க், தேர்வு, ஆசிரியர் சிபாரிசு, கவுன்சலர் கருத்து, கடைசியாகப் பெற்றோர் அனுப்பும் ஈமெயில். இந்தக் கடைசித் தேர்வில் அப்பா அம்மாவுக்குத்தான் மார்க். ஜீனி ஓக்ஸ் என்ற கல்வி ஆய்வாளர் 25 பள்ளிகளைப் பார்த்து 1985-இல் ஒரு நூல் எழுதினார். கீழ் வகுப்புகளில் ஏழைப் பிள்ளைகளும் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகளும் அளவுக்கு மீறி இருந்தார்கள் என்பது அதில் பாதிச் செய்தி. மீதிப் பாதிதான் எனக்கு முக்கியம்: மேல் வகுப்பில் யோசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள்; கீழ் வகுப்பில் தாளை நிரப்பவும் சொன்னதைக் கேட்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நாலு வருஷம் தாளை நிரப்பியவனைப் பார்த்து "பார்த்தீர்களா, இவனுக்கு யோசிக்க வராது" என்றார்கள்.

கே: அமெரிக்காவில் கூடவா சிபாரிசு? — தேனி

ப: நம் ஊரில் எம்.எல்.ஏ. லெட்டர்பேடில் வரும். அங்கே கிளாஸ் டீச்சரே எழுதிவிடுவார். காபிச் செலவு மிச்சம்.

கே: மார்க் இருந்தால் மேல் வகுப்பு, இல்லாவிட்டால் இல்லை. இதில் இனம் எங்கே வந்தது? எதற்கெடுத்தாலும் இனத்தை இழுப்பது உங்களுக்கு வாடிக்கையாகிவிட்டது. — கூபர்ட்டினோ, கலிஃபோர்னியா

ப: மார்க்கையே இழுக்கிறேன், கோபிக்காதீர்கள். கிரிஸம், ரெடிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்டது: கணக்கிலும் வாசிப்பிலும் ஒரே அளவு மார்க் எடுத்த குழந்தைகளில், மேதைக் குழந்தைகளுக்கான தனித் திட்டத்துக்குக் கறுப்பினக் குழந்தை போகும் வாய்ப்பு வெள்ளைக் குழந்தைக்கு இருப்பதில் பாதிதான். ஆசிரியரும் கறுப்பினத்தவராக இருந்தால் அந்த வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. குழந்தை அதே குழந்தை, மார்க் அதே மார்க். மாறியது பார்க்கிற கண்.

வட கரோலினாவில் 2017-இல் செய்தித்தாள்கள் மாநிலப் பதிவேடுகளைத் துருவி, உச்ச மார்க் எடுத்த ஏழைப் பிள்ளைகள் பலர் மேல் வகுப்புக்கு வெளியே நிற்பதைக் காட்டின. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: தேர்வில் உச்ச நிலை எடுத்தால் பள்ளி அந்தப் பிள்ளையை உயர் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும்.

உங்கள் கலிஃபோர்னியாவிலும் கூத்து உண்டு. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா படித்துத் தேறிய பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பில் மறுபடி அதே அல்ஜீப்ராவில் உட்காரவைத்தார்கள். அதில் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் கூடுதல். தேறிய பாடத்தைத் திரும்பப் படிக்கச் சொல்லும் அதிசயத்தைத் தடுக்க, எழுத்தில் உள்ள, எல்லோருக்கும் தெரிகிற விதிப்படிதான் ஒன்பதாம் வகுப்புக் கணக்கைப் பிரிக்க வேண்டும் என்று 2015-இல் சட்டம் போட வேண்டியிருந்தது. மார்க் போதுமென்றால் சட்டம் எதற்கு?

கே: கணக்கில் 35 மார்க் வாங்கிய நான் இன்று மூன்று கடைக்கு முதலாளி. கணக்கு யாருக்கு வேண்டும்? — மதுரை

ப: உங்கள் கணக்குப்பிள்ளைக்கு.

கே: "கறுப்பர்களுக்குக் கணக்கு வராது" என்று ஆபீஸில் ஒருவர் சொல்கிறார். நம் ஊர்க்காரர்தான். என்ன பதில் சொல்ல? — நேப்பர்வில், இல்லினாய்

ப: 1962-இல் ஜான் கிளென் விண்வெளிக்குப் போகுமுன், கம்ப்யூட்டர் போட்ட கணக்கை ஒருவர் கையால் சரிபார்த்தால்தான் போவேன் என்றார். சரிபார்த்தவர் கேத்தரின் ஜான்சன், கறுப்பினப் பெண். மேற்கு வர்ஜீனியாவில் அவர் பிறந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்கு மேல் படிக்கவைக்க அவருடைய அப்பா குடும்பத்தையே வேறு ஊருக்குக் கொண்டுபோனார். பாருங்கள், அப்போதும் அதே எட்டாம் வகுப்பு.

உங்கள் நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பட்டப்படிப்பு இருந்தால்தான் விசா என்று ஆள் எடுக்கிறது ஒரு நாடு. எடுத்த ஆட்களின் பிள்ளைகளுக்குக் கணக்கு வருகிறது. இதில் இனத்தின் பெருமை எங்கே இருக்கிறது? ஊரில் மிச்சமிருக்கிற அவருடைய பங்காளி பிள்ளைகளின் கணக்கு மார்க்கையும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

கே: டிஸ்கால்குலியா என்று புதுசாக ஒன்று சொல்கிறார்களே, நிஜமா? எங்கள் காலத்தில் பிரம்புதான் இருந்தது. எல்லோருக்கும் கணக்கு வந்ததே! — கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்

ப: வராதவர்கள் பள்ளியை விட்டுப் போய்விட்டார்கள், ஐயா. வந்தவர்கள்தான் உங்களைப் பார்க்க இன்றும் மாலையோடு வருகிறார்கள்.

புதுசு இல்லை. ஸ்லோவாக்கிய உளவியலாளர் லாடிஸ்லாவ் கோஷ் 1974-லேயே இதைப் பற்றி எழுதினார். தாம் ஆராய்ந்த பிள்ளைகளில் சுமார் 6% பேரிடம் கண்டதாகச் சொன்னார். மற்ற அறிவில் குறைவில்லை. எண் என்றால் எவ்வளவு என்ற உணர்வு மட்டும் பிடிபடாது. ஏழு பெரிதா ஒன்பது பெரிதா என்பதற்கே விரல் மடக்க வேண்டியிருக்கும். வாய்ப்பாடு இன்று வரும், நாளை போகும். இது தவிர, எழுத்து தடுமாறும் பிள்ளை உண்டு: கணக்கு நன்றாக வரும், ஆனால் வாக்கியக் கணக்கின் வாக்கியத்திலேயே சிக்கிக்கொள்ளும். கவனம் சிதறும் பிள்ளை ஐந்து படியில் மூன்றாவதை விட்டுவிடும். மூவருக்கும் வேண்டிய உதவி வெவ்வேறு. பள்ளி மூவரையும் ஒரே கீழ் வகுப்புக்கு அனுப்பும்போதுதான் சண்டை தொடங்குகிறது.

கே: கறுப்பினக் குழந்தைகளை அநியாயமாக "மூளை வளர்ச்சி குறைந்தவர்கள்" என்று ஒதுக்கியதாக ஒரு வழக்கு நடந்ததாமே? — கோவை, சட்ட மாணவி

ப: லாரி பி. வழக்கு. சான் பிரான்சிஸ்கோ, 1971. கறுப்பினக் குழந்தைகள் ஆறு பேரை ஐ.க்யூ. தேர்வு வைத்து, 75-க்குக் கீழே என்று சொல்லித் தனி வகுப்பில் போட்டார்கள். கறுப்பின உளவியலாளர்கள் அதே குழந்தைகளிடம் உட்கார்ந்து, அவர்களுக்குப் புரிகிற பேச்சில் கேட்டபோது எல்லோரும் கோட்டுக்கு மேலே வந்தார்கள். அன்றைக்குக் கலிஃபோர்னியா மாணவர்களில் கறுப்பினத்தவர் பத்தில் ஒரு பங்குதான். அந்தத் தனி வகுப்புகளில் நாலில் ஒரு பங்கு. 1979-இல் நீதிபதி ராபர்ட் பெக்கம் தீர்ப்பளித்தார்: கறுப்பினக் குழந்தைகளை இந்த வகுப்பில் போட ஐ.க்யூ. தேர்வு கூடாது.

வழக்கில் எதிர்த்தரப்பு மாநிலக் கல்வித் தலைவர் வில்சன் ரைல்ஸ். கலிஃபோர்னியாவில் மாநில அளவிலான பதவிக்குத் தேர்தலில் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான். நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைச் சமர்ப்பிக்கிறேன்.

கதை அதோடு முடியவில்லை. 1986-இல் தடையை விரித்தார்கள்: சிறப்புக் கல்வி எதற்கும் கறுப்பினக் குழந்தைக்கு ஐ.க்யூ. தேர்வே கூடாது, பெற்றோர் கேட்டாலும் கூடாது. பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு இருக்குமோ என்று சந்தேகப்பட்ட கறுப்பினத் தாய்மார் சிலர் வழக்குப் போட்டார்கள்: "வெள்ளைக்காரி கேட்டால் தேர்வு வைக்கிறீர்கள், நான் கேட்டால் மாட்டேன் என்கிறீர்களே?" 1992-இல் அதே பெக்கம், விரித்த பகுதியை விலக்கிக்கொண்டார். சட்டம் படிக்கிறீர்கள், இந்த இரண்டு தீர்ப்பையும் அடுத்தடுத்துப் படியுங்கள்.

கே: அப்படியானால் கறுப்பினக் குழந்தைகளுக்குக் குறைபாட்டு முத்திரை அதிகமாகக் குத்துகிறார்களா, குறைவாகவா? ஒன்று சொல்லுங்கள். — பெங்களூரு

ப: ஒன்று சொன்னால் பொய்யாகிவிடும். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் அதிகம். பால் மார்கன், ஜார்ஜ் ஃபார்காஸ் குழுவினர் 2015-இல், ஒரே அளவு படிப்புத் தரம் உள்ள பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்து, உண்மையில் குறைவுதான் என்றார்கள். உதவி கிடைக்க வேண்டிய பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். கடும் சண்டை மூண்டது. பிறகு புளோரிடாவில் பிறப்புப் பதிவையும் பள்ளிப் பதிவையும் இணைத்துப் பார்த்த பொருளாதார ஆய்வாளர்கள் இரண்டு தரப்பையும் வாயடைக்கவைத்தார்கள்: வெள்ளைப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் கறுப்பினக் குழந்தைக்கு முத்திரை அதிகம், கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் குறைவு.

அதாவது, பக்கத்து பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து நோய் வருகிறது. அங்கே தனித்துத் தெரிகிறான் என்று அனுப்புகிறார்கள். இங்கே எல்லோரும் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டிலும் பிள்ளையை யாரும் பார்க்கவில்லை.

கே: பணக்காரர்கள் பிள்ளைக்குக் குறைபாடு என்று தாங்களே சான்றிதழ் வாங்குகிறார்களாமே? கேட்கவே வேடிக்கையாக இருக்கிறது. — திருச்சி

ப: வேடிக்கை இல்லை, நல்ல முதலீடு. 504 திட்டம் என்று ஒன்று உண்டு, 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண் அது. குறைபாடுள்ள பிள்ளைக்குத் தேர்வில் கூடுதல் நேரம், அமைதியான அறை போன்ற சலுகை தரும். நியாயமான சட்டம். ஆனால் தனியாரிடம் முழுப் பரிசோதனை செய்ய சில ஆயிரம் டாலர் ஆகும். நியூயார்க் டைம்ஸ் 2019-இல் கணக்கெடுத்தபோது, நாட்டின் மிகப் பணக்காரப் பகுதிகளில் இந்தச் சலுகை பெறும் ஹைஸ்கூல் பிள்ளைகளின் பங்கு தேசிய சராசரியைப் போல் இரண்டு மடங்கு இருந்தது. பணக்காரத் தெருவில் மட்டும் குறைபாடு இரட்டிப்பாகப் பரவுவதாக எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை.

அதே ஆண்டு வெடித்த கல்லூரி அனுமதி ஊழலில் தரகர் ரிக் சிங்கர், முதலில் பிள்ளைக்குக் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்குங்கள், கூடுதல் நேரம் கிடைத்தால் தேர்வறையை நம் வசத்தில் வைக்கலாம் என்று பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தது நீதிமன்றத்தில் வந்தது. மகளின் விடைத்தாளைத் திருத்த 15,000 டாலர் கொடுத்த நடிகை ஃபெலிசிட்டி ஹஃப்மனுக்கு 14 நாள் சிறை.

ஆக, ஒரே சொல்தான்: கற்றல் குறைபாடு. பணக்காரப் பிள்ளைக்கு அது மேல் வகுப்பில் கூடுதல் நேரம். ஏழைக் கறுப்பினப் பிள்ளைக்குக் கீழ் வகுப்பில் ஓர் இடம். நான் இந்தப் பக்கத்தில் சொல்ல வந்தது இதைத்தான், மீதியெல்லாம் சில்லறை.

கே: இந்த வித்தியாசம் நடுவில் வந்ததா, முதலிலிருந்தே உண்டா? — யாழ்ப்பாணம்

ப: பிறப்பிலேயே சந்தேகம் உண்டு. கற்றல் குறைபாடு என்ற பெயரை 1963-இல் சிகாகோவில் பெற்றோர் மாநாடு ஒன்றில் சாமுவேல் கர்க் பேசியபோது நிலைநிறுத்தினார். கிறிஸ்டின் ஸ்லீட்டர் 1986-இல் எழுதிய கட்டுரையில் ஒரு குண்டைப் போட்டார்: தொடக்க ஆண்டுகளில் இந்தப் பெயர் பெரும்பாலும் வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளுக்குத்தான் போனது, அவர்கள் பின்தங்கினால் குறைபாடு, ஏழைகளும் கறுப்பினத்தவரும் பின்தங்கினால் மந்தம். எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து இல்லை. ஆனால் லாரி பி. வழக்கையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அலட்சியம் செய்ய முடியவில்லை.

கே: எங்கள் மகளுக்கு டிஸ்லெக்சியா (எழுத்து தடுமாற்றம்) இருக்கலாம் என்று டீச்சர் சொன்னார். என் கணவர், "நம் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை. கூமானில் போட்டால் சரியாகிவிடும்" என்கிறார். — எடிசன், நியூ ஜெர்சி

ப: கூமான் ஜப்பானில் ஓர் அப்பா தம் பிள்ளைக்காகப் போட்ட பயிற்சித்தாள். பயிற்சி போதாத பிள்ளைக்கு நல்லது. எழுத்து தடுமாறும் பிள்ளைக்கு அதிலேயே இன்னும் நூறு தாள் கொடுத்தால் தாள்தான் செலவு.

அமெரிக்க அரசுக் கணக்குப்படி மாணவர்களில் சுமார் 15% பேர் சிறப்புக் கல்விச் சட்டத்தின் உதவி பெறுகிறார்கள். ஆசியப் பிள்ளைகளில் சுமார் 8% பேர்தான், இனங்களிலேயே மிகக் குறைவு. ஆசிய வீட்டில் குறைபாடு கம்மி என்று மார் தட்டலாம். டீச்சர் "ஆசியப் பிள்ளை, சமாளித்துவிடும்" என்று விட்டதும், அப்பா "வெளியே சொல்லாதே, கல்யாணத்துக்கு இடைஞ்சல்" என்று மூடிவைத்ததும் அதில் எவ்வளவு என்று யோசித்தால் தட்டிய கை இறங்கிவிடும். பரிசோதனைக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். கணவருக்குச் சமாதானம் வேண்டுமானால், இரண்டு கையெழுத்தில் ஒன்று போதும் என்று சொல்லிப் பாருங்கள்.

கே: பையனுக்கு ஐ.இ.பி. (சிறப்புக் கல்வியில் பிள்ளைக்கென்று எழுதும் தனித் திட்டம்) இருக்கிறது. "ஐ.இ.பி. உள்ளவர்களுக்கு ஹானர்ஸ் கணக்கு கிடையாது, வேண்டுமென்றால் சலுகைகளை விட்டுவிட்டு வரட்டும்" என்கிறது பள்ளி. சரியா? — பஃபலோ குரோவ், இல்லினாய்

ப: தவறு. அமெரிக்கக் கல்வித் துறையின் குடிமை உரிமைப் பிரிவு 2007 டிசம்பர் 26 தேதியிட்ட கடிதத்தில் இதையே எழுதியிருக்கிறது: தகுதியுள்ள மாணவருக்குக் குறைபாட்டைக் காரணம் காட்டி உயர் வகுப்பை மறுப்பதும், சலுகையைக் கைவிட்டால்தான் இடம் என்று பேரம் பேசுவதும் சட்டவிரோதம். கடிதத்தை அச்செடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோய் மேஜை மேல் வையுங்கள். சத்தம் போட வேண்டாம். தாளைப் பார்த்ததும் அவர்களே தண்ணீர் குடிப்பார்கள்.

கண்ணாடி போட்டவனை "கழற்றிவிட்டு வா, கரும்பலகை காட்டுகிறேன்" என்று யாரும் சொல்வதில்லை.

கே: மேல் கீழ் என்ற பிரிவினையே வேண்டாம், எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்தால் தீர்ந்தது! — புதுச்சேரி

ப: சான் பிரான்சிஸ்கோ செய்து பார்த்தது. 2014-இல் எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துவிட்டார்கள், யாருக்கும் கிடையாது, எல்லோருக்கும் ஒன்பதில்தான். நோக்கத்தில் குறை சொல்ல மாட்டேன். என்ன ஆயிற்று? வசதியுள்ளவர்கள் வெளியே ஆன்லைனில் பணம் கட்டிப் படித்துக்கொண்டு வந்தார்கள். வசதியில்லாத கெட்டிக்காரப் பிள்ளைக்குத்தான் கதவு சாத்தியது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023-இல் பார்த்தபோது, உயர் கணக்கில் இனங்களுக்கு இடையிலான பெரிய இடைவெளி அசையாமல் அப்படியே இருந்தது. 2024 மார்ச்சில் நகர வாக்காளர்களில் 80%-க்கு மேல் அல்ஜீப்ராவைத் திருப்பிக் கொண்டுவா என்று ஓட்டுப் போட்டார்கள். பந்தியில் பாயசம் எல்லோருக்கும் வரவில்லை என்றால் இன்னொரு அண்டா வைக்க வேண்டும். இருக்கிறதைக் கொட்டிவிடக் கூடாது.

கே: சரி, எல்லோரையும் எட்டிலேயே அல்ஜீப்ராவில் போட்டால்? — அதே புதுச்சேரி வாசகர் (விட மாட்டேன்)

ப: நானும் விட மாட்டேன். வட கரோலினாவின் ஷார்லட் நகரில் 2002 வாக்கில் நடுத்தரப் பிள்ளைகளை அவசரமாக அல்ஜீப்ராவில் தள்ளினார்கள். கூடுதல் உதவி பெரிதாக இல்லை. அந்தப் பிள்ளைகள் அல்ஜீப்ராவிலும் சறுக்கினார்கள், பின்னால் ஜியோமெட்ரியிலும் சறுக்கினார்கள்.

சிகாகோ 2003-இல் வேறு மாதிரி செய்தது. எட்டாம் வகுப்புத் தேர்வில் பாதிக்குக் கீழே வந்த பிள்ளைகளுக்கு ஒன்பதில் அல்ஜீப்ரா உண்டு, ஆனால் தினம் இரண்டு பீரியட். கீழ் வகுப்புக்கு அனுப்பவில்லை. அதே பாடம், இரட்டை நேரம். ஹைஸ்கூல் முடித்தவர்களும் கல்லூரியில் சேர்ந்தவர்களும் கூடினார்கள். அதிகப் பலன் பெற்றவர்கள் வாசிப்பில் பலவீனமான பிள்ளைகள். ஆசிரியர்களே, இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். கணக்கு வராது என்று நாம் ஒதுக்கிய பலருக்கு வராமல் போனது கணக்கு இல்லை.

நியூயார்க் பக்கம் ராக்வில் சென்டர் என்ற ஊரும் எல்லோருக்கும் வேக வகுப்பு கொடுத்து, தடுமாறுகிறவர்களுக்குத் தனிப் பயிற்சியும் வைத்து ஜெயித்தது. ஆனால் அது வசதியான ஊர். ஏழை ஊருக்கு உதாரணமாகக் காட்டும்போது கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

கே: "ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்" படத்தில் வருவது போல் ஒரு நல்ல வாத்தியார் இருந்தால் போதாதா? — சென்னை

ப: அந்தப் படத்தின் நிஜ வாத்தியார் ஹைமே எஸ்கலாந்தே பொலிவியாவிலிருந்து வந்தவர். கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் கார்ஃபீல்டு ஹைஸ்கூலில் ஏழை லத்தீனோ பிள்ளைகளுக்குக் கால்குலஸ் நடத்தினார். 1982-இல் 18 பேர் எழுதினார்கள், 18 பேரும் பாஸ். உடனே தேர்வு நடத்திய நிறுவனம் 14 பேர் மேல் சந்தேகப்பட்டது. 12 பேர் மறுபடி எழுதினார்கள், மறுபடி பாஸ். நல்ல வாத்தியார் பிள்ளையைத் தேறவைக்கலாம். தேறியதை நம்பவைக்க இரண்டாவது தேர்வு வேண்டியிருந்தது என்பதுதான் உங்கள் கேள்விக்குப் பதில்.

கே: கணக்குப் படிப்பது குடிமை உரிமைப் போராட்டம் என்று ஒருவர் சொன்னாராமே? கொஞ்சம் ஓவராக இல்லை? — டொராண்டோ

ப: சொன்னவர் பாப் மோசஸ். கணக்கு வாத்தியார். 1960-களில் மிசிசிப்பிக்குப் போய்க் கறுப்பின மக்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க அடி வாங்கியவர். அன்று அங்கே பட்டியலில் பெயர் ஏற ஒரு பரீட்சை வைத்தார்கள்: மாநில அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவைக் காட்டி விளக்கம் எழுதச் சொல்வார்கள். விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்வது பதிவு அதிகாரி. தகுதி விதி எல்லோருக்கும் ஒன்று, தராசு மட்டும் அவர் கையில்.

பிறகு டான்சானியாவில் கணக்கு நடத்திவிட்டுத் திரும்பி வந்து, மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் மகள் படித்த பள்ளியில் அல்ஜீப்ரா இல்லை என்று தெரிந்ததும் தாமே போய் நடத்தினார். அதிலிருந்து அல்ஜீப்ரா திட்டம் என்ற இயக்கம் பிறந்தது. 1982-இல் கிடைத்த மெக்ஆர்தர் நிதி அதற்குக் கைகொடுத்தது. கீழ்த்தட்டில் இருக்கும் பிள்ளைகளையே முதலில் அல்ஜீப்ராவுக்குக் கொண்டுவந்தார். 2021-இல் காலமானார். மிசிசிப்பி அதிகாரியையும் வகுப்பு பிரிக்கும் கவுன்சலரையும் நேரில் பார்த்த மனிதர் ஓவராகப் பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன்.

கே: எங்கள் ஹைஸ்கூலில் கால்குலஸே கிடையாதாம்! அமெரிக்காவில்கூட இப்படியா? — டெக்சாஸ் கிராமம் ஒன்றில் ஆராய்ச்சிப் பணியில் இருப்பவர்

ப: 2015-16 அரசுக் கணக்கெடுப்பில் ஹைஸ்கூல்களில் பாதியில்தான் கால்குலஸ் இருந்தது. கறுப்பின, லத்தீனோ மாணவர்கள் அதிகம் உள்ள பள்ளிகளில் 38%. ஏணியில் ஏறச் சொல்லிவிட்டு மேல் படியை வைக்க மறந்துவிட்டார்கள்.

கே: குறை சொல்வது சுலபம். எது வேலை செய்கிறது, சொல்லுங்கள். — நாகர்கோவில்

ப: கேட்காமலே கொடுப்பது. புளோரிடாவின் பிரவர்ட் மாவட்டத்தில் மேதைத் திட்டத்துக்கு ஆசிரியரோ பெற்றோரோ சொன்னால்தான் பரிசோதனை என்று இருந்தது. 2005-இல் எல்லா இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் ஒரு சின்னத் தேர்வு வைத்தார்கள். தேர்வானவர்களில் கறுப்பினப் பிள்ளைகள் 80% கூடினார்கள், லத்தீனோக்கள் 130%. இதைக் கணக்கிட்டவர்களில் ஒருவர் பின்னாளில் நோபல் வாங்கிய டேவிட் கார்ட். பிள்ளைகள் திடீரென்று புத்திசாலிகள் ஆகவில்லை. முன்பு யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். பொருளாதாரச் சரிவில் பட்ஜெட் வெட்டியதும் எண்ணிக்கை பழைய இடத்துக்கே இறங்கியது.

டெக்சாஸ் 2023-இல் சட்டமாகவே போட்டது: ஐந்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் மேல் 40%-க்குள் வந்த பிள்ளை தானாக ஆறாம் வகுப்பு உயர் கணக்கில் சேரும், வேண்டாம் என்றால்தான் பெற்றோர் எழுதித் தர வேண்டும். இதற்குக் கட்சி வண்ணம் பூசாதீர்கள்: சிவப்பு (ரிபப்ளிகன்) மாநிலம் செய்த நல்ல காரியம். இதிலும் ஒரு ஓட்டை: தேர்வில் தடுமாறும் குறைபாட்டுப் பிள்ளை 40%-க்கு வெளியே நிற்கும். அதற்குத் தேர்வின்போதே சலுகை தர வேண்டும், சிகாகோவின் இரண்டாவது பீரியடும் வேண்டும்.

கே: நமக்கு எதற்கு ஊர் வம்பு? நம் ஊரில் இப்படியெல்லாம் இல்லையே. — ஈரோடு

ப: பதினொன்றாம் வகுப்பு குரூப் பிரிக்கும் நாளில் ஒரு பள்ளி வராந்தாவில் போய் நில்லுங்கள்.

கே: என் பிள்ளைக்குக் குறைபாடு இருக்கும் என்று நினைக்கிறேன். பள்ளி "பொறுத்துப் பார்ப்போம்" என்று இழுக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லை. என்ன செய்வது? — ஃபிரெஸ்னோ, கலிஃபோர்னியா

ப: வாயால் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். "என் பிள்ளையைச் சிறப்புக் கல்விக்கான முழுப் பரிசோதனைக்கு உட்படுத்தக் கோருகிறேன்" என்று ஒரு வரி எழுதி, தேதி போட்டு, தலைமை ஆசிரியருக்கும் மாவட்ட சிறப்புக் கல்வி அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். கலிஃபோர்னியாவில் 15 நாளில் அவர்கள் பரிசோதனைத் திட்டத்தை உங்கள் கையில் தர வேண்டும்; நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்ட 60 நாளில் பரிசோதனையும் கூட்டமும் முடிய வேண்டும். விடுமுறைக்குச் சில விலக்குகள் உண்டு. மறுத்தால், ஏன் மறுக்கிறோம் என்று எழுத்தில் தர வேண்டும். அவர்கள் முடிவு தவறு என்று நினைத்தால் வெளியாள் ஒருவரை வைத்து மறு பரிசோதனையைப் பள்ளி மாவட்டச் செலவிலேயே கேட்கலாம். அவர்கள் ஒன்று பணம் கட்ட வேண்டும், அல்லது தங்கள் பரிசோதனை சரிதான் என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். ஆங்கிலம் தடங்கல் என்றால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், அதுவும் உரிமை. கூட்டத்தில் "எந்தக் கணக்கு வகுப்பு?" என்பதைத் தனிக் கேள்வியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கடிதத்தின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.